வன்னியிலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கு: கடைக்கும் டிப்ஸுக்கும் ஒரு வழிகாட்டி

விசா விண்ணப்பம் நிரப்பித் தர வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆட்கள் இருக்கிறார்கள். விசா கிடைத்த பிறகு அந்த ஊரில் ஒரு கடைக்குள் எப்படி நுழைவது, பில்லில் எந்த வரியை முதலில் பார்ப்பது, சாப்பாடு பரிமாறியவருக்கு எவ்வளவு வைப்பது என்று சொல்லித்தரத்தான் எவரும் இல்லை. அங்கிருக்கும் உறவினரைக் கேட்டால், "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் வாருங்கள்" என்பார்கள். திங்கட்கிழமை அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் தனியாகக் கடைக்குப் போவீர்கள்.

அப்படித் தனியாக நின்று, பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெட்கத்தை விட்டு ஒவ்வொருவராகக் கேட்டுச் சேர்த்த விபரங்கள் இவை. பிள்ளைகளைப் பார்க்க கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் பெற்றோர், குழுவாகச் சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள், கோயிலுக்கும் கல்யாணப் புடவைக்குமாகத் தமிழ்நாடு போகிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். பொருளின் விலை, அரசின் வரி, கடை சேர்க்கும் சேவைக் கட்டணம், நீங்களாகக் கொடுக்கும் டிப்ஸ் ஆகிய நான்கும் வேறு வேறு. ஒவ்வொரு நாடும் இவற்றை ஒவ்வொரு விதமாகக் கூட்டுகிறது. எது ஏற்கெனவே கூட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் போதும், மீதி எல்லாம் இலகு.

1. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு: காசும் அட்டையும்

வெளிநாட்டு நாணயத்தை வங்கியிலோ மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணய மாற்று நிலையத்திலோ மட்டும் வாங்குங்கள். கடவுச்சீட்டு, விசா, விமான டிக்கெட் மூன்றையும் மூலமும் பிரதியுமாகக் கொண்டு போங்கள். நம் ஊர்க் கிளைகளில் எல்லா நாட்டு நாணயமும் எந்நேரமும் கையிருப்பில் இருக்காது. கடைசி நாளில் போய் நிற்காமல் இரண்டு வாரம் முன்பே சொல்லி வைத்தால் எடுத்துத் தருவார்கள். தெரிந்தவர் ஒருவர் குறைந்த விலைக்கு மாற்றித் தருவதாகச் சொன்னால் போகாதீர்கள். அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம்; கள்ளநோட்டோடு அந்நிய நாட்டுக் கடையில் நிற்க நேர்ந்தால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

வாங்கும்போது சிறிய தாள்களாகக் கேளுங்கள். நூறு டொலர் தாளை நீட்டி இரண்டு டொலர் டிப்ஸ் கொடுக்க முடியாது. கிழிந்த, கறுத்த, பேனாக் கிறுக்கல் உள்ள டொலர் தாள்களை வெளியில் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். அந்த இடத்திலேயே பார்த்து மாற்றிக் கேளுங்கள். இலங்கை ரூபாயைக் கொண்டுபோய் அங்கே மாற்றலாம் என்ற எண்ணம் வேண்டாம். திரும்பி வந்து பஸ்ஸுக்கும் தேநீருக்கும் தேவையான அளவு போதும்.

அட்டை வைத்திருப்பவர்கள் வங்கிக்குப் போய் இரண்டு விடயங்களைக் கேட்க வேண்டும். வெளிநாட்டில் பாவிக்க அந்த அட்டை திறக்கப்பட்டிருக்கிறதா? ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் வங்கி எவ்வளவு பிடிக்கும்? மூன்றாவது விடயத்தை வங்கியில் சொல்ல மறந்துவிடுவார்கள். இணையத்தில் ஏதாவது வாங்கினால் உறுதிப்படுத்தும் இரகசிய எண் உங்கள் இலங்கைத் தொலைபேசி எண்ணுக்குத்தான் வரும். போன இடத்தில் புது சிம் போட்டுவிட்டு இலங்கை சிம்மைச் சூட்கேசுக்குள் எறிந்தவர்களுக்கு அந்த எண் வராது. புறப்படும் முன்பே ரோமிங் வசதியைத் திறந்து, சிம்மைக் கைத்தொலைபேசியிலேயே வைத்திருங்கள்.

கடையில் அட்டையைப் போட்டதும் இயந்திரம் சில நேரம் ஒரு கேள்வி கேட்கும்: இலங்கை ரூபாயில் செலுத்துகிறீர்களா, இந்நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா? ரூபாய்த் தொகை திரையில் தெரிந்தால் நமக்கு ஓர் ஆறுதல். விரல் தானாக அங்கே போகும். அதை அழுத்தினால் மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பவர் கடைக்காரருக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். அது உங்களுக்குச் சாதகமாக இருப்பது அபூர்வம். எப்போதும் அந்த நாட்டு நாணயத்தையே தெரிவு செய்யுங்கள். ஏ.டி.எம்மிலும் இதே பொறி உண்டு.

2. பட்டியலைக் குறையுங்கள்

பயணச் செய்தி வெளியே தெரிந்த அன்றே பட்டியல் வரத் தொடங்கும். மாமிக்கு வலி எண்ணெய், பக்கத்து வீட்டுத் தம்பிக்கு சப்பாத்து, யாரோ ஒருவருக்கு ட்ரோன். விமான டிக்கெட்டில் எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறது என முதலில் பாருங்கள். பலாலியிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் பறப்பவை சிறிய விமானங்கள். கட்டுநாயக்காவிலிருந்து போகும் பெரிய விமானத்தின் நிறைக் கணக்கை அங்கே எதிர்பார்க்காதீர்கள். மேலதிக நிறைக்குக் கட்டும் காசில் சில நேரம் அந்தப் பொருளையே கிளிநொச்சியில் வாங்கிவிடலாம்.

மின்சாரப் பொருட்களில் கவனம். கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்னழுத்தம் 120 வோல்ட். நம்முடையது 230. அங்கே மலிவாகக் கிடைக்கும் பிளெண்டரையும் முடி உலர்த்தியையும் இங்கே சொருகினால் புகைதான் வரும். பொருளின் அடியில் ஒட்டியிருக்கும் சிறிய தாளில் 100–240 என்று இருந்தால் மட்டும் வாங்கலாம். கைத்தொலைபேசி, மடிக்கணினி சார்ஜர்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் இந்தப் பிரச்சினை இல்லை. பிளக்கின் வடிவம்தான் வேறுபடும். அதற்கு ஒரு அடப்டர் போதும்.

பிறர் தரும் கட்டிய பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் சூட்கேசில் வைக்காதீர்கள். போகும்போதும் சரி, வரும்போதும் சரி. கொடுத்தவர் எவ்வளவு நெருக்கம் என்பதை எந்தச் சுங்க அதிகாரியும் கேட்கப் போவதில்லை.

3. விலைச்சீட்டில் இருப்பதுதான் முழு விலையா?

கனடாவில் இல்லை. தட்டில் ஒட்டியிருக்கும் விலை வரிக்கு முந்தியது. ஒன்ராறியோவில் 13 சதவீதம் கூடும். கியூபெக்கில் இரண்டு வரிகளாக ஏறத்தாழ 15 சதவீதம். அல்பேட்டாவில் 5 தான். ஒன்ராறியோவில் பத்து டொலர் என்று எண்ணிக் காசைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் காசாளர் பதினொன்று முப்பது கேட்பார். ஏமாற்றுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஒரு சத நாணயம் 2013இல் விநியோகத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. காசாகக் கொடுத்தால் கிட்டிய ஐந்து சதத்துக்கு மாற்றிக் கணக்கிடுவார்கள். அமெரிக்காவிலும் விலைக்கு மேல்தான் வரி. மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் விலைச்சீட்டில் இருப்பது வரியோடு சேர்ந்த முழு விலை. ஜேர்மனியில் போத்தலில் அடைத்த தண்ணீருக்கும் குளிர்பானத்துக்கும் மேலதிகமாகப் பெரும்பாலும் 25 சதம் வரும். அது போத்தலுக்கான முற்பணம். வெறும் போத்தலைக் கொண்டுபோய்ப் பல்பொருள் அங்காடி வாசலில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். அதைக் காசாளரிடம் கொடுத்தால் காசு திரும்பும். குப்பையில் எறியாதீர்கள்.

இந்தியாவில் பொதி செய்த எந்தப் பொருளிலும் உச்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும். அது எல்லா வரியும் உட்பட்ட விலை. அதற்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை, குறைத்துக் கேட்கலாம்.

சிங்கப்பூரில் கடைப் பொருட்களின் விலையில் 9 சதவீத வரி அடங்கியிருக்கும். சாப்பாட்டுக் கடைகளில்தான் சிக்கல். உணவுப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் ++ என்று ஒரு குறி இருக்கும். முதல் கூட்டல் 10 சதவீத சேவைக் கட்டணம். இரண்டாவது கூட்டல் 9 சதவீத வரி. வரியானது சேவைக் கட்டணத்தின் மேலும் விழும். 40 டொலருக்குச் சாப்பிட்டால் 4 டொலர் சேவைக் கட்டணம், அந்த 44இன் மேல் 3 டொலர் 96 சதம் வரி, ஆக 47.96. மலேசியாவிலும் நடுத்தர, உயர்தர உணவகங்களில் இதே விதமாக 10 சதவீத சேவைக் கட்டணமும் 6 சதவீத வரியும் வரும். அங்கே ஹோட்டல் அறைக்கு வெளிநாட்டவர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் கட்ட வேண்டும். இணையத்தில் முன்கூட்டியே முழுப் பணமும் கட்டிவிட்டேன் என்று வரவேற்பு மேசையில் வாதிட்டுப் பயனில்லை; பல ஹோட்டல்களில் அது தனியாகத்தான் வாங்கப்படும்.

4. கடைக்குள் நடந்துகொள்வது

பாரிஸில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் "போன்ஜூர்". சாமானைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு, விலையைக் கேட்பதற்கு முன்பு, பேக்கரியில் ஒரு பாண் வாங்குவதற்கு முன்பும்கூட. சொல்லாவிட்டால் மரியாதை தெரியாதவர் என்று எடுத்துக்கொள்வார்கள். பிறகு எவ்வளவு சிரித்தாலும் முகம் இளகாது. புறப்படும்போது "மெர்சி". பிரெஞ்சு தெரியாமல் போனாலும் இந்த இரண்டு சொல்லையும் மனனம் செய்துகொண்டு போங்கள்.

நம் சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்க்காமல், மாம்பழத்தை முகர்ந்து பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. ஐரோப்பியத் தெருச் சந்தைகளில் பழத்தைத் தொட்டால் கடைக்காரர் கடுப்பாகிவிடுவார். எது வேண்டும் என்று விரலால் காட்டுங்கள், அவர் எடுத்துத் தருவார். இன்றைக்குச் சாப்பிடவா, இரண்டு நாள் கழித்தா என்று அவரே கேட்டு அதற்கேற்ற பழமாகத் தெரிந்தெடுப்பதும் உண்டு. பல்பொருள் அங்காடியில் மட்டும் நீங்களே எடுக்கலாம். சில அங்காடிகளில் பழத்தை நீங்களே நிறுத்து விலைச்சீட்டு ஒட்ட வேண்டும். அதைச் செய்யாமல் வரிசையில் போய் நின்றால் பின்னால் நிற்பவர்களின் பெருமூச்சு கேட்கும்.

தள்ளுவண்டியை எடுக்க ஒரு யூரோ நாணயம் தேவைப்படலாம். திருப்பி விட்டதும் நாணயம் வெளியே வரும். பையை நீங்களே கொண்டு போக வேண்டும், சாமானை நீங்களே அடுக்க வேண்டும். காசாளர் மளமளவென்று தள்ளிவிடுவார், உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து மூன்றிலும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டு. ஞாயிறு இரவு விமானம் என்றால் சனிக்கிழமையே வாங்கி முடியுங்கள். பிரான்ஸில் மலிவு விற்பனைக் காலம் சட்டப்படி வருடத்தில் இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூன் கடைசியிலும் தொடங்கி நான்கு வாரம். பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் அதைப் பார்த்து வையுங்கள்.

சிங்கப்பூர் உணவங்காடிகளில் மேசையில் ஒரு சிறிய டிஷூ பக்கெட் கிடந்தால் யாரோ மறந்து விட்டுப் போனது என்று எடுத்துவிடாதீர்கள். அந்த இடம் பிடிக்கப்பட்டிருக்கிறது, ஆள் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் உரிய இடத்தில் வைக்க வேண்டும். 2021 முதல் இது சட்டம். லிட்டில் இந்தியாவில் உள்ள முஸ்தபா என்ற பெரிய கடைக்குப் போகிறவர்கள் பெரிய பைகளோடு போக வேண்டாம், வாசலில் பையின் வாயைக் கட்டித்தான் உள்ளே விடுவார்கள்.

சென்னை தியாகராய நகரில் பெரிய புடவைக் கடைகளின் நடைமுறை வேறு. பிடித்ததை எடுத்ததும் அந்தத் தளத்தில் பில் போடுவார்கள். பில்லோடு போய் இன்னோர் இடத்தில் காசு கட்ட வேண்டும். முத்திரை குத்திய பில்லைக் காட்டி மூன்றாவது இடத்தில் பொதியை வாங்க வேண்டும். குடும்பமாகப் போனால் பில்கள் அத்தனையும் ஒருவர் கையில் இருக்கட்டும். ரங்கநாதன் தெருவுக்குத் தீபாவளி, பொங்கலுக்கு முந்திய வாரங்களில் போகிறவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை, தைரியசாலிகள். சென்னையில் இளநீர்க்காரர் வரை யு.பி.ஐ. என்ற முறையில் கைத்தொலைபேசியில்தான் காசு வாங்குகிறார்கள். இலங்கையில் 2024 முதல் அதே யு.பி.ஐ. குறி சில கடைகளில் தெரிகிறது. அது இந்தியப் பயணிகள் இங்கே செலுத்துவதற்காக. அதைப் பார்த்து, நம் வங்கிக் கணக்கும் அங்கே வேலை செய்யும் என்று நம்பிப் போகாதீர்கள். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும்.

5. பேரம்

விலை அச்சிட்டு ஒட்டிய கடையில் பேரம் இல்லை. தெருக்கடையில் உண்டு: கோலாலம்பூர் பெட்டாலிங் தெரு, சென்னை பாண்டி பஜார் நடைபாதை போன்றவை. பேசி முடித்து விலைக்கு ஒப்புக்கொண்ட பின் வேண்டாம் என்று நடப்பது எங்கேயும் அழகல்ல.

நகை வாங்குகிறவர்கள் பேச வேண்டிய இடம் வேறு. துபாய் தேராவில் உள்ள தங்கச் சந்தையில் ஒரு கிராம் தங்கத்தின் அன்றைய விலை எல்லாக் கடையிலும் எழுதியிருக்கும், அது அசையாது. செய்கூலிதான் அசையும். "செய்கூலி எவ்வளவு, கடைசி என்ன" என்று கேளுங்கள். இந்தியாவில் செய்கூலியோடு சேதாரத்தையும் கேட்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அங்கே ஹோல்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு கட்டாயம். கடையில் பூதக்கண்ணாடி கேட்டு அந்தக் குறியீட்டைப் பார்த்து, பில்லில் அதே குறியீடு இருக்கிறதா என ஒத்துப்பார்த்த பின்பே காசு கட்டுங்கள்.

6. டிப்ஸ்

நம் ஊரில் தேநீர்க் கடையில் டிப்ஸ் யாரும் வைப்பதில்லை. பெரிய ஹோட்டல் என்றால் மிச்சக்காசைத் தட்டில் விட்டு எழுவோம். வெளியில் போனதும் ஒரு பதற்றம் வந்துவிடும்: எல்லா இடத்திலும் கொடுப்பதா, கொடுக்காவிட்டால் திட்டுவார்களா? பில்லின் மேல் பகுதியை விடுங்கள், அடியை முதலில் வாசியுங்கள். சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் உங்கள் கடமை முடிந்தது.

சிங்கப்பூர், மலேசியா: டிப்ஸ் வழக்கம் இல்லை. மேலே சொன்ன பத்து சதவீதத்தோடு சரி. உணவங்காடியில் அதுவும் இல்லை. ஹோட்டலில் பெட்டியை அறை வரை தூக்கி வந்தவருக்கு இரண்டு டொலரோ சில ரிங்கிட்டோ கொடுப்பது உங்கள் மனம்.

பிரான்ஸ்: உணவகப் பட்டியலில் உள்ள விலைக்குள்ளேயே சேவையும் அடக்கம், அது அந்நாட்டுச் சட்டம். திருப்தியாக இருந்தால் ஒன்றிரண்டு யூரோ நாணயத்தை வைத்து எழலாம். சுற்றுலாப் பயணி என்று தெரிந்ததும் டிப்ஸ் சேர்க்கப்படவில்லை என்று சில பரிமாறுநர் வாயால் சொல்வார்கள், அட்டை இயந்திரத்திலும் சதவீதம் காட்டுவார்கள். பூச்சியத்தை அழுத்திவிட்டு வாருங்கள். இன்னொன்று: தண்ணீர் கேட்டால் போத்தலைத் திறந்து பல யூரோ பில் போடுவார்கள். "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஒரு குவளையில் இலவசமாக வரும்.

சுவிற்சர்லாந்து: 1974 முதல் சேவை விலைக்குள் அடக்கம். 47 பிராங்க் என்றால் 50 கொடுத்து மிச்சத்தை விடுவது வழக்கம், அவ்வளவுதான்.

ஜேர்மனி: 5 முதல் 10 சதவீதம். மேசையில் வைத்துவிட்டு எழுவது அங்கே வழக்கமில்லை. பில் 27 யூரோ என்றால், காசைக் கொடுக்கும்போதே "முப்பது" என்று சொல்ல வேண்டும். அவர் முப்பது எடுத்துக்கொண்டு மிச்சம் தருவார்.

லண்டன்: உணவகங்கள் பலவற்றில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணமாகப் பில்லிலேயே வரும். அது விருப்பத்துக்குரியது என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். சேவை மோசமென்றால் எடுத்துவிடச் சொல்லலாம். சண்டை பிடிக்க வேண்டியதில்லை, சொன்னால் எடுப்பார்கள். டிப்ஸ் முழுவதும் ஊழியருக்கே போக வேண்டும் என்ற சட்டம் 2024 அக்டோபரில் அங்கே நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆகவே முதலாளி விழுங்கிவிடுவாரோ என்ற கவலை வேண்டாம்.

கனடா: இங்கேதான் நிதானம் தேவை. உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் 15 முதல் 20 சதவீதம் எதிர்பார்க்கிறார்கள். காசு கட்டும் நேரம் பரிமாறியவர் இயந்திரத்தை உங்கள் கையில் தந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். திரையில் 18, 20, 22 என்று மூன்று பெட்டிகள் இருக்கும். பதற்றத்தில் நடுவில் இருப்பதை அழுத்துவீர்கள், அதற்காகத்தான் அப்படி அடுக்கியிருக்கிறார்கள். வேறு தொகை என்ற தெரிவும் அதே திரையில் கீழே இருக்கும். கணக்கைப் பாருங்கள்: சாப்பாடு 60 டொலர், ஒன்ராறியோ வரி 7.80, ஆக 67.80. பல இயந்திரங்கள் சதவீதத்தை இந்த 67.80இன் மேல் போடும். 18 என்று அழுத்தினால் 12.20 போய் மொத்தம் 80 டொலர் ஆகிவிடும். வரிக்கு முந்திய 60இன் மேல் 15 சதவீதம் என்றால் 9 டொலர்தான், மொத்தம் 76.80. வரிக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கட்சி.

முடி வெட்டும் இடத்திலும் டாக்சியிலும் கனடாவில் டிப்ஸ் உண்டு. ஸ்காபரோவில் தமிழ்க் கடையில் றோல்ஸும் இடியப்பமும் பெட்டியில் கட்டி வாங்கிக்கொண்டு போவதற்கு இல்லை. இயந்திரம் கேட்கத்தான் செய்யும். கேட்பது இயந்திரம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் மட்டும் இந்தக் கட்டுச்செட்டை விட்டுவிடுங்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கான கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டொலர், பல மாநிலங்களில் டிப்ஸ்தான் அவர்களுடைய சம்பளம். 15 சதவீதத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

துபாய்: கட்டாயம் இல்லை. பில்லில் சேவைக் கட்டணம் இல்லையென்றால் 10 சதவீதம் தாராளம்.

இந்தியா: உணவகம் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025இல் அதை உறுதிசெய்தது. சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லலாம். பரிமாறியவருக்கு இருபது, ஐம்பது ரூபாய் கையில் கொடுப்பது வேறு, அது சந்தோசம். சாதாரண மெஸ்ஸில் தேவையில்லை. நாள் முழுக்கக் கோயில் கோயிலாகக் காரோட்டியவருக்கு வேளைச் சாப்பாட்டையும் கவனித்து, கடைசி நாளில் தனியாக ஒரு தொகை கொடுத்துவிடுங்கள்.

7. கட்டிய வரியைத் திருப்பி வாங்குவது

சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் சுவிற்சர்லாந்திலும் துபாயிலும், நீங்கள் அந்நாட்டை விட்டுக் கொண்டுபோகும் பொருளுக்குக் கட்டிய வரியில் ஒரு பங்கை விமான நிலையத்தில் திருப்பித் தருவார்கள். கனடாவில் இது இல்லை. இலண்டனிலும் 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். மலேசியாவிலும் இந்தியாவிலும் நடைமுறையில் இல்லை. இந்த நான்கு நாடுகளில் வரிச் சீட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் மேசை தேடாதீர்கள்.

கடையில் செய்ய வேண்டியதைக் கடையில்தான் செய்ய வேண்டும். காசு கட்டும்போதே கடவுச்சீட்டைக் காட்டி வரி மீளளிப்புப் பதிவு கேளுங்கள். மறுநாள் பற்றுச்சீட்டோடு திரும்பிப் போனால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். குறைந்தபட்சத் தொகை உண்டு. சிங்கப்பூரில் 100 டொலர். அதே கடையில் அதே நாளில் வாங்கிய மூன்று பில் வரை சேர்த்துக் காட்டலாம். பிரான்ஸில் ஒரே கடையில் மூன்று நாட்களுக்குள் 100 யூரோவுக்கு மேல். ஜேர்மனியில் 50 யூரோவுக்கு மேல். சுவிற்சர்லாந்தில் 300 பிராங்க். துபாயில் 250 திர்ஹாம். ஆகவே பத்துக் கடையில் பத்துப் பொருள் வாங்குவதை விட ஒரு கடையில் எல்லாவற்றையும் வாங்கினால் ஆதாயம்.

பதிவு உங்கள் பெயரில், உங்கள் கடவுச்சீட்டில் இருக்க வேண்டும். அங்கே குடியிருக்கும் அண்ணனோ மருமகனோ தன் பெயரில் வாங்கினால் கிடைக்காது. பாசத்தில் அவர்கள் அட்டையை நீட்டி முந்திக்கொள்வார்கள். கடைக்குப் போகும் முன்பே பேசி வைத்து, நீங்களே கட்டுங்கள். பொருளும் உங்களோடு வெளியேற வேண்டும். அங்கேயே உறவினருக்குக் கொடுத்துவிட்டு வரியைக் கேட்பது பொய்க் கணக்கு.

விமான நிலையத்துக்கு வழக்கமான மூன்று மணி நேரத்தோடு இன்னும் ஒரு மணி நேரம் முன்பாகப் போங்கள். பொருள் பெரிய சூட்கேசில் இருந்தால் அந்தச் சூட்கேசை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பு வரி மீளளிப்பு இயந்திரத்துக்குப் போக வேண்டும். சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். ஒப்படைத்த பின் எதைக் காட்டுவீர்கள்? எனவே அந்தப் பொருட்களைச் சூட்கேசின் மேற்பகுதியில், விலைச்சீட்டு கழற்றாமல் வையுங்கள்.

காலக்கெடு: சிங்கப்பூரில் வாங்கி இரண்டு மாதத்துக்குள் விமானத்தில் வெளியேற வேண்டும். ஜொகூர் பாலம் வழியாக பஸ்ஸில் மலேசியா போனால் கிடைக்காது. குழுச் சுற்றுலாவில் போகும் நம்மவர்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். சிங்கப்பூரில் இறங்கி, பஸ்ஸில் கோலாலம்பூர் போய் அங்கிருந்து நாடு திரும்பும் திட்டம் என்றால் வரி மீளளிப்பை மறந்துவிடுங்கள். பாரிஸில் வாங்கிவிட்டு ரயிலில் சுவிற்சர்லாந்து போகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. எல்லையைத் தாண்டும் முன்பே படிவத்தைச் சுங்கத்தில் உறுதிப்படுத்த வேண்டும். சூரிச் விமான நிலையத்தில் பிரெஞ்சுப் படிவத்தை நீட்டிப் பயனில்லை.

முழு வரியும் கைக்கு வராது. இடையில் உள்ள நிறுவனம் தன் கூலியை எடுத்துக்கொள்ளும். பிரான்ஸில் வரி 20 சதவீதம் என்றாலும் கையில் வருவது பெரும்பாலும் விலையில் 12 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். காசாக வாங்கினால் இன்னும் கொஞ்சம் வெட்டு விழும். நூறு யூரோ மட்டும் வாங்கியவர் இதற்காக மூன்று மணி நேரத் தூக்கத்தை இழப்பதா என்று யோசித்துக்கொள்ளலாம்.

8. திரும்பும் வழி

விமான நிலைய வரியற்ற கடையில் வாசனைத் திரவியமோ போத்தலோ வாங்கினால் முத்திரையிட்ட பையைக் கட்டுநாயக்கா வரை பிரிக்காதீர்கள். இடையில் டோஹாவிலோ துபாயிலோ விமானம் மாறும்போது மீண்டும் சோதனை உண்டு. பிரித்த பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவம் இருந்தால் குப்பைத் தொட்டிக்குப் போகும். பற்றுச்சீட்டும் அந்தப் பைக்குள் இருக்க வேண்டும். பாரிஸ் தெருவில் விரித்து விற்கும் பெரிய கம்பனிப் பெயர் போட்ட கைப்பைகளை வாங்காதீர்கள். போலி என்று தெரிந்தால் பிரெஞ்சுச் சுங்கம் வாங்கியவரிடமும் தண்டம் அறவிடும்.

நம் நாட்டுச் சுங்கத்தில் எவ்வளவு பெறுமதிக்கு வரி இல்லை என்பது நீங்கள் வெளிநாட்டில் தங்கிய நாட்களைப் பொறுத்தது. ஒரு வாரம் சென்னை போய் வந்தவருக்கும் ஆறு மாதம் கனடாவில் இருந்து வருபவருக்கும் ஒரே அளவு இல்லை. புறப்படும் முன்பு சுங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அன்றைய அளவைப் பாருங்கள். சிகரெட்டுக்குச் சலுகையே கிடையாது. நகை வாங்கினால் பில்லைக் கைப்பையில் வையுங்கள். உங்கள் சொந்த நகைகளைப் புறப்படும் முன்பே படம் எடுத்து வைத்திருந்தால், திரும்பும்போது எது பழையது, எது புதியது என்ற கேள்விக்கு இலகுவாகப் பதில் சொல்லலாம்.

கடைசியாக, தோட்டம் செய்கிறவர்களுக்கு. தமிழ்நாட்டில் விதைக் கடையைக் கண்டால் நமக்குக் கால் நகராது. மிளகாய், கத்தரி, பயற்றை என்று பக்கெட் பக்கெட்டாக வாங்கத் தோன்றும்; முருங்கைத் தடியை ஈரச்சாக்கில் சுற்றியே கொண்டு வந்துவிடலாம் என்றும் தோன்றும். விதை, நாற்று, தடி எதுவானாலும் தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதி முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். அது இல்லாமல் வந்தால் விமான நிலையத்திலேயே பறிமுதல். அனுமதி வேண்டுமென்றால் பயணத்துக்குப் பல வாரம் முன்பே விவசாயத் திணைக்களத்தில் கேளுங்கள். சலுகைக்கு மேற்பட்ட பொருளோ சந்தேகமான பொருளோ இருந்தால் சுங்கத்தின் சிவப்பு வழியால் போய் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கட்டிய தீர்வைக்குத் தரும் பற்றுச்சீட்டை வாங்கிப் பொருளோடு வைத்துக்கொள்ளுங்கள்.